இல்லையென்று எப்படித் தெரியும்?

என் தம்பி கடலுக்குப் போய்த் திரும்பாத அந்த மாதம் முழுக்க நான் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. சாம்பல்தீவில் பஸ் ஏறி, துறைமுகப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய், உயர்தர வகுப்புக்கு அளவையியல் என்ற தருக்கப் பாடம் படிப்பித்துவிட்டுத் திரும்பி வருவேன். சாப்பாடு போட்டுத் தந்தால் சாப்பிட்டேன். படுத்தால் நித்திரை வந்தது. அழுகை மட்டும் வரவில்லை. "இவளுக்கென்ன நெஞ்சிலை கல்லோ?" என்று சொந்தக்காரர் கதைத்தது காதில் விழுந்தது. விழுந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

காற்று மாறிய ஒரு நாள் அவன் தன் எஞ்சின் படகில் தனியே போனவன். கடற்படையும் தேடியது, எங்கள் ஆட்களும் தேடினார்கள். ஒரு மிதவைகூட அகப்படவில்லை. ஊர் இரண்டு கட்சியாகிவிட்டது. எஞ்சின் நின்று, நீரோட்டத்தில் இழுபட்டு, வேறு நாட்டுக் கரையில் ஏறித் திரும்பி வந்தவர்களின் கதைகளைச் சொல்லி, அவன் இருக்கிறான் என்றது ஒரு கட்சி. செத்துவிட்டான், ஆன்மா அலையமுன் காரியத்தைச் செய்யுங்கள் என்றது மற்றது. அதற்குத் தலைவர் எங்கள் பெரியப்பா. உடல் கிடைக்காவிட்டால் தருப்பைப் புல்லால் உருவம் செய்து எரிப்பது வழக்கம். அப்போது மனைவி தாலியைக் கழற்றிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஐயரிடம் சொல்லியாயிற்று. தம்பியின் மனைவியை, என் மச்சாளை, யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வியாழக்கிழமை ஆசிரியர் அறையில் பௌதிகவியல் சேர் வழமைபோல என்னைச் சீண்டினார். "டீச்சர், எங்கடை பாடத்திலை பிழையான பழசையெல்லாம் எறிஞ்சுபோட்டம். நீங்கள் என்ன, எப்பவோ செத்த பண்டிதர்மாரின்ரை சண்டையை இன்னும் காவிக்கொண்டு திரியிறியள்?"

வேறு நாளென்றால் அவரை உண்டு இல்லையென்று ஆக்கியிருப்பேன். அன்று "ஓம் சேர்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

அன்றைய பாடம் அபாவம், அதாவது இன்மை. ஒரு பொருள் இல்லை என்பதை எப்படி அறிகிறோம் என்ற கேள்வி. அறைக்குள் குடம் இல்லை என்கிறோமே, இல்லாத குடத்தை எந்தக் கண்ணால் கண்டோம்? பழைய தத்துவப் பள்ளிகளுக்குள், அது தனியொரு அறிவு என்றார்கள் மீமாம்சகர்கள். அதுவும் கண்ணால் காணும் காட்சிதான் என்றார்கள் நையாயிகர்கள். இல்லை, ஊகம் என்றார்கள் பௌத்தர்கள். தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சண்டைக்குள் ஒரு நிபந்தனை தேறிவந்தது: இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்ற இடத்தில் மட்டும்தான், காணாதது இல்லாததற்குச் சாட்சி. இருட்டறையை எட்டிப் பார்த்துவிட்டுக் குடம் இல்லை என்று சொல்ல முடியாது. சண்டையைப் பழசென்று எறிந்திருந்தால் இதையும் சேர்த்துத்தான் எறிந்திருப்போம். வருடாவருடம் வாய்ப்பாடாக ஒப்புவித்த வரி அது. எழுதப் போனவள் பாதியில் சோக்கை வைத்துவிட்டேன். பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன்.

பின்னேரம் தம்பி வீட்டுக்குப் போனேன். பெரியப்பா முன் விறாந்தையில் இருந்தார்.

"பெரியப்பா, ஞாயிற்றுக்கிழமை ஒண்டும் வேண்டாம்."

"ஏனாம்?"

"தேடினவை எல்லோ, அவன் அங்கை இருந்திருந்தால் கட்டாயம் கண்டிருப்பினமோ?"

"அவ்வளவு கடலையும் ஆர் பிள்ளை பாக்கிறது? ஏலுமோ?"

"அப்ப காணேல்லை எண்டு சொல்லுங்கோ. செத்திட்டான் எண்டு சொல்லாதேங்கோ."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "படிச்சதுகளின்ரை பேய்க்கதை!" என்று எழும்பினார். "சரி, ஐயரை மறிக்கிறன். வாற பாவம் உன்ரை தலையிலை." படலையை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். வென்ற மாதிரியும் எனக்கு இருக்கவில்லை, தோற்ற மாதிரியும் இருக்கவில்லை.

மச்சாள் குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அந்த மாதம் முழுக்க அவள் யாரோடும் சரியாகக் கதைத்ததில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் நின்றாள்.

"மச்சாள், நீங்கள் சொன்னது வீட்டுக்கும் சரியோ?" அவளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"என்ன கேக்கிறாய்?"

"கடல் பெரிசு. அவர் இருந்தாலும் தெரியாது. இந்த வீடு சின்னன் தானே. இருந்தால் தெரியுமெல்லோ?"

அவள் அறைப் பக்கம் பார்த்தாள், குசினிப் பக்கம் பார்த்தாள்.

"இருந்திருந்தால் இந்த நேரம் தேத்தண்ணி எங்கையெண்டு கத்தியிருப்பார்."

"ஓம்."

"அப்ப இங்கை இல்லை."

"இல்லை" என்றேன்.

இருக்கிறான் என்று அவளுக்குச் சொன்னவர்கள் இருந்தார்கள், செத்துவிட்டான் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். வீட்டில் இல்லை என்பதை மட்டும் அதுவரை ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை. தாலியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, அவள் நிலத்தில் குந்தி ஓவென்று கத்தினாள். அவளைப் பிடிக்கக் குனிந்த நானும், ஐயோ என்ரை தம்பி, என்ரை தம்பி என்று கத்திக்கொண்டிருந்தேன்.