பேனாவில் சுற்றிய வெளிச்சம்

இரண்டாயிரத்து ஏழு, எட்டு அளவில் நடந்தது இது. பதுளையில் கணினி வலையமைப்பு வேலை செய்யும் ஒரு சிறிய கம்பனியில் அப்போது நான் இருந்தேன். பிறந்தது ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில். ஏணியில் ஏறி வயர் இழுக்கும் பெண்ணை ஊரே நின்று வேடிக்கை பார்த்த காலம். எனக்கோ வாய் கொஞ்சம் நீளம். "சும்மா பாக்காம ஏணியப் புடிங்களேன்" என்று சொல்லிவிடுவேன்.

அன்று வெள்ளிக்கிழமை, பௌர்ணமிக்கு வரும் போயா விடுமுறை வேறு. காலையிலேயே போன் வந்தது. பசறை வீதியில் இருந்த ஒரு பயிற்சி நிலையத்தில் இணையம் செத்துக் கிடக்கிறதாம். லீவு நாளில் யாருக்கு இணையம் என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். நிலையத்தின் பொறுப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர், முன்பு கணக்கு வாத்தியாராக இருந்தவர். கணினி அறையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவர் கமராவின் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இளையவர் அவருடைய தங்கை. அவர்தான் எழுந்து வந்து விஷயத்தைச் சொன்னார்.

"எங்கக்காவுக்குப் பொறந்ததுலேருந்தே காது கேக்காது, பேச்சும் வராதுங்க. மக குவைத்துல வேலைக்கு நிக்குது. கொதிக்கிற எண்ண கையில கொட்டி ஆஸ்பத்திரில கெடக்கு. இப்ப சொகமாயிருச்சின்னு போன்ல எங்கிட்ட சொல்லுச்சி. நான் சொன்னா இவ நம்ப மாட்டேங்குறா. புள்ளைக்குக் கையே போயிருச்சி, எல்லாரும் சேந்து மறைக்கிறீங்கன்னு சோறு தண்ணி இல்லாம கெடக்குறா."

அந்தத் தாயும் மகளும் கையால்தான் பேசுவார்கள். தோட்டத்து லய வீட்டில் அவர்களாகவே உண்டாக்கிக்கொண்ட சைகைகள். மகளின் கை போனால் அந்தத் தாய்க்கு மகளின் பேச்சே போன மாதிரி. அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு மலையாள நர்ஸ், தன் கணினியை அன்று பகல் கொஞ்ச நேரம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். அடுத்த நாள் அந்தப் பெண் திரும்ப வேலை வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கே இதெல்லாம் நடக்காது. டவுனில் போனுக்கும் இணையத்துக்கும் இருந்த கொமியூனிகேஷன் கடைகளின் லைன் அந்த நாட்களில் நத்தை வேகம். படம் நின்று நின்று வரும். கையால் பேசுகிறவர்களுக்கு அது பாதிச் சொல்லை விழுங்கிவிட்டுப் பேசுகிற மாதிரி. அதனால்தான் பொறுப்பாளர் லீவு நாளில் இவர்களுக்காகக் கதவைத் திறந்திருந்தார். என் எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

டவுனில் இருந்த நிலையத்தின் தலைமைக் கட்டடத்திலிருந்து இந்தக் கிளைக்குக் கண்ணாடி இழைக் கம்பி வருகிறது. அந்த இழையில் வரும் வெளிச்சத்தை மின்சாரமாகவும், மின்சாரத்தை வெளிச்சமாகவும் மாற்றிக்கொடுக்க, சுவிட்ச் பெட்டியில் செருகும் சின்ன மொடியூல் ஒன்று உண்டு. அதுதான் செத்திருந்தது. பெருவிரல் அளவுதான் இருக்கும். எல்லாம் ஒரே அச்சு, பிடியின் நிறம் மட்டும் வேறு. கறுப்புப் பிடி கிட்டத்துக்கு. லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் காம்பராவைக் கூப்பிடுகிற குரல், அவ்வளவுதான். நீலப் பிடி பத்துக் கிலோமீற்றர் வரை போகும். மஞ்சள் பிடி இருக்கிறதே, அது பசறையில் நின்றுகொண்டு மொனராகலையைக் கூப்பிடுகிற ஆள்.

எனக்கு வேண்டியது நீலம். பையைத் திறந்தால் கறுப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று. நீலம் கேட்டதற்குக் கொழும்பு ஸ்டோரில் மஞ்சளைப் போட்டு அனுப்பியிருந்தார்கள்! போன் எடுத்து வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். லீவு நாளில் போனைத் தூக்கிய பாவத்துக்கு அங்கிருந்த காவலாளிதான் அத்தனையும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"பவர் கூடினது எண்டால் நல்லதுதானே பிள்ளை? அதைப் போடுங்கோவன்" என்றார் பொறுப்பாளர்.

"கண்ணுக்கு நேரா டோர்ச் அடிச்சா ஆள் தெரியுமா சேர்? கண்ணுதான் கூசும்" என்றேன்.

டவுனுக்கு இருந்த இரண்டு, மூன்று கிலோமீற்றர் தூரத்துக்கு அந்த வெளிச்சம் அதிகம். எதிர்முனையில் இருக்கும் நீல மொடியூல் கருகிவிடலாம். தலைமைக் கட்டடமோ பூட்டிக் கிடந்தது. அங்கே போய் எதையும் மாற்ற வழியில்லை. தங்கைக்காரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தத் தாய் என்னைப் பார்க்கவே இல்லை, அவருடைய கண் இருட்டுத் திரையில் இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு குறுக்கு வழி உண்டு. இழையை இறுக்கி வளைத்தால் வெளிச்சம் கொஞ்சம் வெளியே கசிந்து குறைந்துவிடும். பெரியவர்கள் பார்த்தால் ஏசுவார்கள். இழை முறிந்தால் உள்ளதும் போச்சு. பொறுப்பாளரின் பேனாவைக் கேட்டு வாங்கினேன். வெளிச்சத்தை அனுப்புகிற இழையை மட்டும் அதில் இறுக்கிச் சுற்றிவிட்டு, மஞ்சள் மொடியூலைச் செருகினேன். சுவிட்ச் பெட்டியில் இணைப்பு விளக்கு எரியவில்லை, வெளிச்சம் அளவுக்கு மேல் குறைந்துவிட்டது. ஒரு சுற்றை மெல்லத் தளர்த்தினேன். இல்லை. இன்னும் ஒன்று. பச்சை விளக்கு கண் திறந்தது! டேப் சுற்றிப் பார்த்தேன். கையை எடுத்தால் சுற்று நழுவியது, இணைப்பு விட்டு விட்டு வந்தது. சரி, நானே பிடித்துக்கொள்கிறேன் என்று சுவிட்ச் பெட்டி வைத்திருந்த அலுமாரிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சுவிட்ச் இருந்தது அடுத்த அறையில். திரை எனக்குத் தெரியாது. பொறுப்பாளர் வாசலில் நின்று சொன்னார்.

"பிள்ளையின்ரை முகம் வந்திட்டுது. வலது கையிலை கட்டுப் போட்டிருக்கு... விரல் அஞ்சையும் ஆட்டிக் காட்டுறா! கையை எடுத்திடாதேங்கோ பிள்ளை!" கணக்கு வாத்தியாரின் குரல் உடைந்துவிட்டது. கணினி அறைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு ஒரே அமைதி. ஒரு சத்தமும் இல்லை. இணைப்பு போய்விட்டதோ என்று பதறிப் பதறிப் பார்த்தேன். பச்சை விளக்கு துடித்துக்கொண்டே இருந்தது. என் கை மரத்துப்போனது. முருகா, முருகா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தச் சிரிப்பு கேட்டது. தன் குரல் எப்படி இருக்கும் என்றே தெரியாத ஒரு மனுஷியின் சிரிப்பு. கரகரவென்று, உரத்து, நிறுத்தத் தெரியாமல் வந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு தங்கைக்காரியிடம், "என்னதான் பேசினாங்க இவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

"பேச்சா? சண்டைங்க! அடுப்பு கிட்ட என்னாத்துக்குப் பராக்கு பாத்தேன்னு இவ ஏசுறா. சாப்புடாம கெடந்தியாமேன்னு அவ ஏசுறா."

அந்தத் தாய் என் பக்கத்தில் வந்து குந்தினார். பேனாவைப் பிடித்தபடியே விறைத்துப்போயிருந்த என் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, மடக்கி, திரும்ப நிமிர்த்திப் பார்த்தார். எல்லாம் அசைகிறது என்று தெரிந்ததும் தலையை ஆட்டினார். பிறகு தங்கை கட்டிக்கொண்டு வந்திருந்த பொட்டலத்தை அவிழ்த்து ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து என் வாயில் வைத்துவிட்டு, தானும் சாப்பிட ஆரம்பித்தார். அப்படி ஒரு பசியோடு யாரும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ இணைப்புகளைப் போட்டுவிட்டேன். ஆனாலும் பச்சை விளக்கு எரியும் போதெல்லாம், அந்தப் பக்கம் யாரோ ஒரு பிள்ளை விரலை ஆட்டிக் காட்டுகிறாள், இந்தப் பக்கம் ஒரு தாய்க்குப் பசி எடுக்கிறது என்றுதான் இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.