எஸ்தர் டீச்சருக்கு நான் கொடுத்த மாத்திரை

வல்லக்கோட்டை நிறுத்தத்தில் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தபோது தலைமையாசிரியரிடமிருந்து போன் வந்தது. "எஸ்தர் டீச்சர் போயிட்டாங்கம்மா. ஹார்ட் அட்டாக்காம்." எனக்கு அழுகை வரவில்லை. முந்தைய நாள் மதியம்தான் நினைவுக்கு வந்தது. அவரிடம் படித்தவர்களும் அவரோடு வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களிடம் அதை மறைக்க முடியாது.

ஒரகடம் பக்கத்தில் உள்ள எங்கள் பள்ளியில் அவர் வேதியியல் எடுத்தார், நான் உயிரியல். பாடங்களுக்கு நடுவே கோடு இருப்பதாக அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. ஒருமுறை ஹீமோகுளோபினைப் புரியவைக்க முடியாமல் நான் திணறிக்கொண்டிருந்தேன். வராந்தாவில் போனவர் உள்ளே வந்துவிட்டார். "ரத்தத்துலயும் இரும்பு இருக்கு, நம்ம ஸ்கூல் கேட்டுலயும் இருக்கு. ரெண்டும் ஆக்சிஜனைப் பிடிக்கும். கேட்டு பிடிச்சா விடாது, துருவாயிடும். ரத்தம் நுரையீரல்ல பிடிச்சு, வேணுங்கிற இடத்துல விட்டுடும். அதனாலதான் உயிரோட இருக்கோம்." பிறகு, "ஸாரி டீச்சர்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

போன் வந்ததற்கு முந்தைய நாள் மதியம் அவர் சாப்பாட்டைத் தொடவில்லை. "தாடையெல்லாம் வலிக்குது. முதுகும் ஒரு மாதிரி இருக்கு. மாடி ஏறவே முடியல" என்றார்.

"காலையில சாப்பிட்டிருக்க மாட்டீங்க. கேஸ்தான்" என்று என் பையில் இருந்த மாத்திரையைக் கொடுத்தேன்.

"அமிலத்துக்குக் காரம், மிச்சம் உப்பும் தண்ணியும். என் பாடத்தை எனக்கே நடத்துறீங்க" என்று வாங்கிப் போட்டுக்கொண்டார்.

பெண்களுக்கு நெஞ்சுவலி இல்லாமலும் மாரடைப்பு வரலாம் என்று எனக்குத் தெரியும். எதிரில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தபோது அது தோன்றவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு அவர் கணவர் டேவிட் அண்ணனிடம் இதைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு கூப்ட்டேன் டீச்சர். இன்னாத்துக்கு, பயாலஜி டீச்சரே கேஸுன்னு சொல்லிட்டாங்கன்னு சிரிச்சிகினே சொல்லிச்சி. நானும் ஷிப்டுக்குக் கெளம்பிட்டேன்" என்றார்.

அவர் குரலில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மாணவர் யாராவது சமன்பாட்டைத் தப்பாக எழுதிவிட்டு அவசரமாக அழிக்கப் போனால் எஸ்தர் டீச்சர் விடமாட்டார். "இருக்கட்டும். பக்கத்துல சரியானத எழுது. எங்க தப்பாச்சுன்னு எல்லாரும் பாக்கணும்ல" என்பார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது ஒன்றுதான்.

போன வாரம் பத்தாம் வகுப்பில் இதயத்தைப் பற்றிய பாடம். தாடை வலி, முதுகு வலி, மூச்சு வாங்குதல் என்று பலகையில் எழுதினேன். பக்கத்தில் 'கேஸ்' என்றும், அதை அழிக்காமல் அதன் பக்கத்தில் 'மாரடைப்பு' என்றும் எழுதி, அப்படிச் சொன்னது யார், யாரிடம் என்பதையும் சொன்னேன். மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.