கல்யாண அறையில் பல்சக்கரங்கள்

எங்கள் ஊர்களில் மாப்பிள்ளைதான் பொம்பிளை வீட்டுக்குக் குடிவருவார். அதனால் கல்யாணத்துக்கு முதல் அந்த வீட்டில் ஓர் அறையைச் சோடிப்பார்கள். சுவர் நாலுக்கும் ரோஸ் நிறச் சாட்டின் துணியை மடிப்பு மடிப்பாகக் கட்டி, முகட்டிலிருந்து மினுமினுப்புத் தாள் பூக்களைத் தொங்கவிட்டு, கட்டிலுக்குப் புது மெத்தை போட்டு வைப்பார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கூட்டமாக வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். பார்த்ததைப் பற்றி ஊரில் ஒரு மாதம் கதை நடக்கும்.

என் தங்கச்சி சாட்டின் வேண்டாம் என்றாள். அவளுக்கு ஸ்டீம்பங்க் அறை வேண்டுமாம்.

அந்தச் சொல்லை நான் முதன்முதலாக அவள் வாயிலிருந்துதான் கேட்டேன். அவள் கல்முனையில் ஒரு நிவாரண அலுவலகத்தில் கணினியில் தட்டச்சு செய்யும் வேலையில் இருந்தாள். வேலையில்லாத நேரத்தில் இன்டர்நெட்டில் எதையோ பார்த்திருக்கிறாள். ஒரு நாள் நான்கு படங்களை அச்சடித்துக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். நான் வகுப்புப் பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். படத்தில் ஒரு படுக்கையறை. சுவரெல்லாம் பித்தளைக் குழாய்கள், பல்சக்கரங்கள், ரயில் எஞ்சினில் இருப்பதுபோல அமுக்கம் காட்டும் மானிகள், தோல் வார் போட்ட கட்டில்.

"இது என்னகா? ஆர்ட ஊடு?"

"ஆவியில ஓடுற மெஷின் காலம் முடியாமலே இரிந்திருந்தா உலகம் எப்படி இரிந்திரிக்கும் என்டு நினைச்சுச் செய்ற ஒரு சோடனை ராத்தா. கரண்டே வராத உலகம்."

"நம்மளுக்குத்தான் கிழமைக்கு நாலு நாள் கரண்ட் இல்லையே. அதுக்கு ஏன் சோடிக்க வேணும்?"

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அந்த வருஷங்களில் நான் எதையும் சிரிப்பதற்காகச் சொன்ன ஞாபகம் இல்லை.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று மருதமுனைக் கரையில் இருந்த எங்கள் வீடும் போனது, உம்மாவும் போனார். நான், தங்கச்சி, வாப்பா மூவரும் முதலில் பள்ளிக்கூடத்திலும் பிறகு தகரக் கொட்டிலிலுமாக வருஷக்கணக்கில் கிடந்தோம். என் கணவர் கட்டாரில் சாரதி. வாப்பா வயலே கதியென்று வரிப்பத்தான்சேனைப் பக்கம் போய்விடுவார். வந்தாலும் கதைப்பது குறைவு. அரசாங்கக் கச்சேரிக்குப் போவது, பதிவது, வரிசையில் நிற்பது, தண்ணீர் பிடிப்பது, தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்ப்பது எல்லாம் என் தலையில்தான். கடைசியில் வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு கிடைத்தது. அதைத் தங்கச்சியின் பெயருக்கு எழுதினோம். சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போன அன்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எங்கே படுக்கலாம் என்று மட்டும் பார்த்தேன்.

இந்த நிலையில் அவள் குழாயும் சக்கரமும் என்று நின்றாள். வேண்டாம் என்று சொல்லி வாதாட எனக்குத் தெம்பில்லை. "என்னமும் செய், என்னைக் கூப்பிடாத" என்றேன்.

கூப்பிடாமல் இருப்பாளா? ஏணியைப் பிடிக்க, துணியின் மறு நுனியைப் பிடிக்க, கத்தரிக்கோல் தேட என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நிவாரணச் சாமான் வந்த காட்போட் பெட்டிகளை எறியாமல் வைத்திருந்தாள். அவற்றில் தட்டை வைத்து வட்டம் கீறி, ஓரத்தைப் பல் பல்லாக வெட்டி, வெட்டிய வட்டங்களில் மூன்றை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, கறுப்புப் பெயின்டுக்கு மேலே பித்தளை நிறத்தைக் கடற்பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். தூரத்தில் நின்று பார்த்தால் இரும்பு என்றே சொல்லலாம். தறிக்காரரிடம் வெள்ளைத் துணி வாங்கி, பெரிய சட்டியில் பிளேன்டீ காய்ச்சி ஊறப்போட்டு, மண்ணிறத் திரைச்சீலை ஆக்கினாள். அந்தத் தேயிலையின் மணம் ஒரு கிழமை வீட்டை விட்டுப் போகவில்லை. பழைய பிளாஸ்டிக் தண்ணிக் குழாய்களை மூலைக்கு மூலை பொருத்தி, செம்பு நிறம் அடித்து, நுனியில் பல்ப் மாட்டினாள். சட்டைப் பொத்தான்களைக் கண்ணாடியைச் சுற்றி ஒட்டி ஆணித் தலைபோல ஆக்கினாள்.

நான் பள்ளியிலிருந்து வந்து வாசற்படியில் இருந்துகொண்டு, இவளுக்கு எங்கிருந்து இவ்வளவு பலம் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். உண்மையைச் சொன்னால் அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

காட்போட் போதாது, நிசமான சாமானும் கொஞ்சம் வேண்டும் என்றாள். வரிப்பத்தான்சேனையில் வாப்பாவுக்குத் தெரிந்த ஒருவரின் நெல் மில் நெடுநாளாகப் பூட்டிக் கிடந்தது. எஞ்சினைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். வேண்டியதை எடுங்கள் என்று அவர் சொல்லவே ஒரு சனிக்கிழமை இருவரும் போனோம். மூன்று பித்தளைக் குழாய், நான்கு பல்சக்கரம், கண்ணாடி வெடித்த ஒரு மானி, ஒரு சுருள் செம்புக் கம்பி எல்லாம் சாக்கில் ஏறின. மில்லுக்காரரின் மனைவி பின்மூடி இல்லாத இரண்டு அலாரம் மணிக்கூடுகளையும் கொண்டுவந்து, "இதையும் வெச்சிக்க புள்ள" என்று மேலே போட்டார். ஆட்டோவில் ஏறி வெளிக்கிட்டோம்.

வன்னியில் அப்போது சண்டை நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் அமைதி என்றார்கள். ஆனால் ரோட்டில் ஆமி மறித்துச் சோதிக்கும் சென்றிகள் அப்படியேதான் இருந்தன. சந்தியில் மறித்தார்கள். சாக்கைத் திறந்த சிப்பாய் இரண்டடி பின்னுக்குப் போனார்.

அவர் ஏன் பின்னுக்குப் போனார் என்று எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு சாக்கை அவருடைய கண்ணால் பார்த்தேன். குழாய், கம்பி, மணிக்கூடு. குண்டு செய்ய வேண்டியதெல்லாம் அதில் இருந்தது.

"மொனவாத மே?" இது என்ன என்று சிங்களத்தில் கத்தினார். எங்கள் மூவரையும் இறக்கினார்கள். ஆட்டோக்காரர் தனக்கு ஒன்றும் தெரியாது என்று இரண்டு மொழியிலும் சொல்லிக்கொண்டிருந்தார். அடையாள அட்டைகளை வாங்கிக்கொண்டு எங்களை மண்மூட்டைக்குப் பக்கத்தில் தகரக் கூரையின் கீழ் நிற்க வைத்தார்கள். நண்பகல் வெயில். அலுவலகத்தில் சிங்களம் கதைக்கிற தங்கச்சிக்கு அன்று எந்த மொழியும் வரவில்லை.

ஓர் அதிகாரி வந்தார். தமிழ் தெரிந்தவர்.

"இது எதுக்கு?"

"என்ட தங்கச்சிட கல்யாண அறைக்கு சேர்" என்றேன்.

"கல்யாணத்துக்கு இரும்பா?"

எனக்குக் களைப்பு வந்தது. பயத்தையும் மிஞ்சிய களைப்பு. நாலு வருஷமாக ஒவ்வொரு மேசைக்கு முன்னாலும் நின்று, செத்தவர் யார், வீடு எங்கே இருந்தது, அத்தாட்சி எங்கே என்று பதில் சொல்லி வந்த அதே களைப்பு. அந்தக் களைப்பில்தான் வாயைத் திறந்தேன். குழாய் மூன்றும் கட்டிலின் தலைமாட்டுக்கு. பெரிய சக்கரம் கதவுக்கு நேரே. சிறியது மூன்றும் ஒன்றோடொன்று பல் கோத்து நிற்க வேணும், சுற்றாது, சும்மா நிற்கும். மானி கண்ணாடிக்கு மேலே. கம்பியை விளக்குத் தண்டில் சுற்ற வேணும். மணிக்கூட்டைக் கழற்றி உள்ளே இருக்கிற சக்கரங்களை மட்டும் எடுத்து ஒரு பலகையில் பதிக்க வேணும். ஒன்றும் விடாமல் சொன்னேன். வாசற்படியில் சலித்துப்போய் இருந்த நான் இத்தனையும் எப்போது மனதில் வாங்கினேன் என்று எனக்கே தெரியாது. தங்கச்சி என் முகத்தையே பார்த்தாள்.

அதிகாரி கேட்டுவிட்டு, "காட்டுங்க" என்றார்.

எங்கள் ஆட்டோவுக்குப் பின்னால் அவர்களுடைய வாகனம் வந்தது. வீட்டுத்திட்டத்தில் ஒரேமாதிரியான வீடுகள், ஒரேமாதிரியான வாசல்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெண் தலைத்துணியை இழுத்துவிட்டு நின்று பார்த்தாள். அதிகாரியும் இரண்டு சிப்பாய்களும் சப்பாத்தோடு அறைக்குள் போனார்கள். கட்டிலுக்கு மேலே அவள் முன்பே மாட்டிய ஒரு பெரிய சக்கரம் தொங்கியது. அதிகாரி விரலால் தட்டினார். பொத்தென்று சத்தம் வந்தது.

"காட்போட்" என்றாள் தங்கச்சி. சந்தியில் மறித்த பிறகு அவள் பேசிய முதல் சொல்.

அவர் அதைக் கழற்றித் திருப்பினார். பின்பக்கத்தில் பிஸ்கட் பெட்டியின் எழுத்து இருந்தது. சிப்பாய் ஒருவர் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. சக்கரத்தைக் கவனமாகப் பழைய ஆணியிலேயே கொளுவினார்.

"எனக்கும் கல்யாணம் பேசி இருக்கு. ரெண்டு தரம் தள்ளிப் போட்டது. லீவு இல்லை" என்றார். பிறகு, "மணிக்கூடு ரோட்டுல கொண்டுபோக வேணாம்" என்று சொல்லிவிட்டு, அடையாள அட்டைகளைத் தந்துவிட்டுப் போனார்கள்.

நான் அந்த அறைத் தரையிலேயே படுத்துவிட்டேன். பின்னேரம் அஸர் தொழுகை நேரம் வரை எழும்பவில்லை.

ஆனால் கதை வீட்டுக்குள் நிற்கவில்லை. குமர்ப் பிள்ளையின் அறைக்குள் ஆமிக்காரர் போய் வந்தார்கள் என்பது மூன்று நாளில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையின் உம்மா தனியாக வந்தார். தேநீர் வேண்டாம் என்றார். நேரே அறைக்குப் போனார்.

"ஆமி வந்ததாம் இதுக்குள்ள?"

"ஓம் மாமி. நானும் கூடத்தான் நின்டேன்."

"என்னத்தைப் பார்க்க வந்தாங்க?"

"இதைத்தான்."

அவர் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "இது என்ன மகள், மணவறையா, மில்லா?"

தங்கச்சி கதவடியில் நின்றாள். அவள் பதில் சொல்லக்கூடாது, நான்தான் சொல்ல வேண்டும், அதுதான் முறை. அவள் சொன்னாள்.

"மாமி, இந்த ஊட்டுல சுவர் ஆரோ தந்தது. கதவு ஆரோ தந்தது. படுக்கிற பாய், சமைக்கிற சட்டி, நாங்க உடுக்கிற உடுப்புக்கூட ஆரோ தந்தது. எல்லாத்துக்கும் கையெழுத்து வெச்சி வாங்கினது. இந்த ஒரு அறையாவது நான் செஞ்சதா இரிக்கட்டும்."

ஏன் இந்தப் பைத்தியம் என்று நான் அவளை ஒரு நாளும் கேட்டதில்லை. நிறுத்து என்றும், களைப்பாக இருக்கிறது என்றும்தான் சொல்லியிருக்கிறேன். அவளும் என்னோடு அதே வரிசைகளில் நின்றவள் என்பது அந்த நேரம்தான் எனக்கு உறைத்தது.

மாமி கட்டில் ஓரத்தில் இருந்தார். அவருடைய வீடும் கடலோடு போனதுதான்; அவர் சமைப்பதும் எங்கள் வீட்டில் இருப்பது போன்ற சட்டியில்தான். வெகுநேரம் திரைச்சீலையைத் தடவிக்கொண்டிருந்தார். "தேயிலைச் சாயமா?" என்று கேட்டார். ஓம் என்றோம்.

"நான் ஒண்டும் சொல்லல்ல. ஆனா ஏழு நாளைக்கு ஊர்ச் சனம் வந்து போகும். அந்த ஏழு நாளும் சாட்டின் கட்டுங்க. மறுகா உங்கட இஷ்டம்."

தங்கச்சி மறுப்பாள் என்று நினைத்தேன். "சரி மாமி" என்றாள்.

ரோஸ் சாட்டினை அவளே தைத்தாள். பித்தளைக் குழாயிலேயே வளையம் போட்டு, திரைபோல இழுத்து மூடும்படி செய்தாள். அதைத் தொங்கவிட்ட நாளில் தெருவில் திடீரென்று வெடிச் சத்தம் கேட்டது. பள்ளி விட்டு வந்து அந்த அறைக் கட்டிலிலேயே கண்ணயர்ந்திருந்த நான் பதறிப்போய்க் கட்டிலுக்குக் கீழே புகுந்தேன். "ராத்தா, பட்டாசு. சண்டை முடிஞ்சிட்டாம்" என்று ஏணியில் நின்றபடி சொன்னாள். சந்தியில் கொடி கட்டியிருந்தார்கள். வயலிலிருந்து வந்திருந்த வாப்பா வானொலியை நிற்பாட்டிவிட்டு வெளியே போய், வளவில் கட்டியிருந்த மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார். முடிந்ததா என்று நினைத்துக்கொண்டு நான் திரும்பவும் படுத்தேன். நித்திரை வரவில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. உம்மா செய்ய வேண்டியதையெல்லாம் நான் செய்தேன். பெண்கள் வந்தார்கள், சாட்டினைப் பார்த்தார்கள், அழகு என்றார்கள். எட்டாம் நாள் காலையில் தங்கச்சி சாட்டின் திரையை இழுத்துத் திறந்தாள். மாப்பிள்ளை கட்டிலில் இருந்தபடி நாலு சுவரையும் பார்த்தார். நல்ல மனிதர். ஒரு வருஷம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார், "மச்சி, அந்த அறையில எனக்கு மில்லுக்குள்ள படுக்கிற மாதிரி இரிக்கி. ஆனா அவக்கிட்டச் சொல்லிராதீங்க."

நான் சொல்லவில்லை. கடற்காற்றே அந்த வேலையைப் பார்த்தது. உப்பில் பித்தளை பச்சையாகிப்போனது, காட்போட் சக்கரங்கள் மாரி ஈரத்தில் இளகி ஒவ்வொன்றாக விழுந்தன. முதல் பிள்ளை பிறந்தபோது மிச்சத்தை அவளே கழற்றி, சுவருக்கு வெளிர்நீலம் அடித்தாள். கவலையா என்று கேட்டேன்.

"இல்ல ராத்தா. செஞ்சி பார்த்தாச்சிதானே" என்றாள். பிறகு, "உங்கட அறைக்கும் என்னமும் செய்து தரட்டா?"

"வேணாம்கா. எனக்கு வெறுஞ் சுவரே போதும்."

அவள் வற்புறுத்தவில்லை. தலையணை ஒன்றை எடுத்து என் பக்கம் போட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். பெயின்ட் மணக்கிற அந்த அறையில் நான் நண்பகல் லுஹர் தொழுகை வரைக்கும் படுத்திருந்தேன்.