கிளைப்பவளம் ஒட்டாத ஓடுகள்

ஆய்வுக்கூடத்தில் அவளை ‘ஓட்டக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கடலுக்கடியில் கட்டிவைத்து, எட்டு மாதம் கழித்து எடுத்துவரும் சுட்ட மண் ஓடுகளில் எத்தனை பவளக் குஞ்சுகள் ஒட்டியிருக்கின்றன என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்து எண்ணுவது அவள் வேலை. குஞ்சு என்றால் கடுகைவிடச் சின்னது. இந்த வேலைக்கு முன் துணி ஆலையில் தையல் பிசகு பார்த்துக்கொண்டிருந்தவள். பதினேழு வருஷம் குனிந்ததில் கழுத்து இடப்பக்கம் திரும்ப மறுத்துவிட்டது. யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்புவாள். “மகாராணி திரும்பறாங்க” என்று வாட்ச்மேன் கேலி செய்வார்.

இரண்டு கோடைகளுக்கு முன் கடல் சூடேறி, பவளப்பாறை வெளுத்துப் பாதி செத்தது. அந்தப் பக்கம் படகுகள் போகத் தடை வந்தது. அவள் வீட்டுக்காரர், சுற்றுலா வருகிறவர்களுக்குப் பவளம் காட்டும் கண்ணாடித் தரைப் படகு ஓட்டியவர். படகைக் கரையேற்றிவிட்டு, ஒரு பட்டறையில் அடுத்தவர் இன்ஜினுக்கு ஸ்பேனர் பிடித்துக்கொண்டிருந்தார்.

இந்த வருஷ ஓடுகளை எண்ணி முடித்தபோது, மொத்தக் கணக்கு பழைய அளவைத் தொட்டிருந்தது. ஆய்வுக்கூடத் தலைவரான டாக்டர் அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். துள்ளிக் குதிக்காத குறை.

“பாறை தேறிடுச்சுக்கா! தடையை எடுத்துடலாம்னு எழுதப்போறேன்.”

“மொத்தத்தை மட்டும் பாத்து எழுதாதீங்க சார். முன்னெல்லாம் பாதிக்குப் பாதி கிளைப்பவளமா இருக்கும். இப்ப ஒண்ணுகூட இல்ல. எல்லாமே உருண்டை வகை.”

“ஒண்ணுகூடவா? கண்ணு அசந்திருக்கும். இன்னொரு தடவை பாத்துடுங்களேன்.”

சுருக்கென்றது. வாதாடத் தெம்பில்லை. நூற்றிருபது ஓடுகளையும் மறுபடி எடுத்து வைத்தாள்.

ஒன்பது நாள். கண்ணில் நீர் கோத்தது; விரலெல்லாம் ஓடு ஊறவைத்துக் கழுவிய வெளுப்புத் தூள் நாற்றம். தான் தப்பாகத்தான் பார்த்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஓட்டையும் திருப்பும்போது ஆசைப்பட்டாள். ஆறாம் நாள், ஓர் ஓட்டின் அடிவிளிம்பில் கிளைப்பவளம் மாதிரி ஒன்று. அரைமணி நேரம் மாற்றி மாற்றிப் பார்த்தாள். உடைந்த சிப்பித் துணுக்கு. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

கடைசியில் டாக்டரே வந்து இருபது ஓடுகளைப் பார்த்தார். மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தார்.

“நீங்க சொன்னதுதான்கா சரி. தடையை இன்னும் மூணு வருஷம் நீட்டச் சொல்லி எழுதிடறேன்.”

சரியாக இருந்ததில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

வீட்டுக்காரர் பட்டறையில் கேள்விப்படுமுன் தானே சொல்லிவிட நினைத்தாள். சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“தடை இன்னும் மூணு வருஷம்.”

“தேறிடுச்சுன்னு பேசிக்கிட்டாங்களே?”

“எண்ணிக்கை தேறுச்சு. கிளைப்பவளம் இல்ல.”

“குஞ்சு குஞ்சுதானே? எதுவா இருந்தா என்ன?”

“கிளை இருந்தாத்தான் மீனுக்கு ஒளிய இடம். வெறும் உருண்டையா கெடந்தா, உங்க கண்ணாடிக்குக் கீழ எதைக் காட்டுவீங்க?”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “நீ வாயை மூடிட்டு இருந்திருந்தா?”

“இருந்திருக்கலாம்” என்றாள். உண்மையாகவே அப்படித்தான் தோன்றியது, அந்த நிமிஷத்தில்.

“திரும்ப வருமா?”

“கிளை வகையில தாய்ப் பவளமெல்லாம் செத்துப்போச்சே. வேற எங்கிருந்தாவது மிதந்து வந்து ஒட்டணும். வரலாம்.”

நாலு நாள் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்தாம் நாள், ஏரியில் படகு விடும் ஒருவரைக் கூட்டிவந்து, படகை விலைக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். வண்டியில் ஏற்றும்போது கண்ணாடியில் கீறல் விழாமல் தன் பழைய சட்டைகளைச் சுற்றிக்கொடுத்தார். உள்ளே வந்தவர், “கழுத்துக்கு டாக்டரைப் பாக்கலாம், கிளம்பு” என்றார்.

ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் குனியக்கூடாது என்றார்கள். மூன்று நாள் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். நாலாம் நாள் வேலைக்குப் போனாள். புது ஓடுகளை அவளிடம் வாங்கிப்போய்க் கடலில் கட்ட ஆள் காத்திருந்தார்.