பெயரில்லாத பேக்கேஜ்

பெருமாநல்லூரில் எங்கள் சாயப்பட்டறைக்கு வெளிநாட்டு ஆடிட் வருகிறதென்றால் கல்யாண வீடு தோற்றுப்போகும். மூலையில் கிடந்த தீயணைப்பான்கள் சுவரேறும். பூட்டிக் கிடந்த அவசர வழி திறக்கும். ஆடிட்டர்களின் கார் கிளம்பியதும் எல்லாம் பழையபடி. இந்தக் கூத்தை பேக்கிங் பிரிவிலிருந்து வருஷக்கணக்காகப் பார்த்து எனக்குப் புளித்துவிட்டது. கம்ப்யூட்டர் அறையில் லினக்ஸ் சர்வரோடு தனியாக இருக்கும் மகுடேஸ்வரன் மட்டும் இதில் தப்பித்து வந்தார். தங்கமான மனுஷன். யார் என்ன சொன்னாலும் "சரிங்க" என்பதுதான் அவரிடம் பிடிக்காத குணம்.

இந்த முறை அவரையும் விடவில்லை. சர்வரில் வெளியார் மென்பொருள் என்னென்ன இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள். பேக்கேஜ் என்று சொல்லும் ஒவ்வொரு மென்பொருள் தொகுப்பிலும் அதைச் செய்தவர் பெயர் பதிந்திருக்குமாம். லினக்ஸைக் கொடுத்த கம்பெனியின் பெயர் உள்ளதையெல்லாம் தள்ளிவிட்டால் மிச்சம் வெளியார் சரக்கு. மகுடேஸ்வரன் தட்டிப் பார்த்தார். மிஞ்சியவற்றில் ஒன்றுக்கு மட்டும் பெயர் காலியாக இருந்தது.

அது அவிநாசிபாளையத்துத் தங்கராஜ் செய்தது. அவர் இப்போது உயிரோடு இல்லை. சாயமேற்றும் மெஷினுக்குள் நீராவி அழுத்தம் இறங்கும்வரை அந்த பேக்கேஜ்தான் சைரனை ஊதவைக்கும். ஊதல் நின்றால் மூடியைத் திறக்கலாம். மெஷின் பார்க்கும் சலாவுதீன் பாய் மீட்டரைத் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை. காதை நம்பியே வேலை செய்தார்.

"பேரில்லாத சரக்குன்னா ரிப்போர்ட்ல சிவப்பு போட்ருவாங்க," என்றார் முதலாளி. "கழட்டி வெச்சிருங்க மகுடேசு. அவங்க போனதும் போட்டுக்கலாம்."

"அப்ப மெஷினை நிறுத்தோணுமுங்களே?"

"ஷிப்மெண்ட் இருக்குதுங்க. பாய்கிட்ட ஒரு வார்த்தை சொல்லீட்டாப் போச்சு."

"சரிங்க."

பேக்கேஜை நீக்கிவிட்டு, பாயிடம் சொல்ல எழுந்தார். அதற்குள் ஆடிட்டர்கள் அறைக்கு வந்துவிட்டார்கள். முதலாளி கண்ணாலேயே உட்காரச் சொன்னார். உட்கார்ந்துவிட்டார். அவர் மேல் எனக்கு எவ்வளவோ பிரியம் உண்டு. ஆனாலும் அவர் உட்கார்ந்ததைப் பின்னால் அவர் வாயாலேயே கேட்டபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

கீழே சாயம் முடிந்தது. சைரன் ஊதவில்லை. ஊதாவிட்டால் அழுத்தம் இல்லை என்றுதான் பாய் பழகியிருந்தார். அழுத்தம் இருக்கும்போது திறக்கவிடாத மூடிப் பூட்டும் எப்போதோ தேய்ந்துபோயிருந்தது. திறந்தார். வெளியார் மென்பொருள் சரியாக இருக்கிறது என்று மேலே ஆடிட்டர்கள் டிக் அடித்துக்கொண்டிருந்தபோது அலறல் கேட்டது. கோவைக்குக் கொண்டுபோயும் பாய் பிழைக்கவில்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து மகுடேஸ்வரன் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பாய் வீட்டுக்குப் போனார். பாயின் மனைவி சபுரா பீவி, கணவன் இறந்தபின் வெளி ஆண்கள் முன் வராமல் இருக்கும் இத்தாவில் இருந்ததால் திரைக்குப் பின்னாலிருந்து பேசினார்.

"சைரனை எடுத்தது நானுங்க. அவருகிட்டச் சொல்லாம விட்டுட்டனுங்க." மகுடேஸ்வரன் அழுதுவிட்டார்.

"அதைத் திரும்பப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டார் சபுரா பீவி.

"இல்லீங்க. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்துட்டுப் போகட்டும்னு முதலாளி சொல்லீட்டாருங்க."

"எம் பெரியவன் ஆதிப் இன்னிக்குக் காலைல அந்த மெஷினுக்குத்தான் வேலைக்குப் போயிருக்கான்," என்றார் சபுரா பீவி. "அவங்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"