ஷாக் அடித்த கிரைண்டர்

உத்திரமேரூருக்கு பிரவுசிங் சென்டர் வந்த புதிதில், எங்கள் பழைய கிரைண்டரை விற்க இணையத்தில் விளம்பரம் கொடுத்தேன். ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று போட்டேன். ஆனால் அது ஷாக் அடிக்கும். நாங்கள் செருப்புப் போட்டுக்கொண்டுதான் மாவாட்டுவோம்.

மானாம்பதியிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். செருப்புக் காலோடு நின்று ஓட்டிக் காட்டினேன். நம்பி வாங்கிப்போனார்கள்.

மூன்றாம் நாள் அவர் போன் செய்தார். “அக்கா, கிரைண்டர்ல கை வெச்சதும் என் பொண்டாட்டியத் தூக்கிப் போட்டுடுச்சி. ஆஸ்பத்திரில கீறா.”

திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

“நீங்களும் தெரியாமத்தான ஓட்டிக்கினு இருந்தீங்க? உங்க வூட்டு ஒயரிங்கையும் ஒருவாட்டி பாத்துடுங்கக்கா. புள்ளைங்க கீற வூடு.”

“ஐயோ, எங்களுக்கு ஒண்ணுமே தெரியாதேப்பா” என்றேன்.

அதையும் நம்பினார்.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அன்றைக்கு அவர் என்னைத் திட்டியிருந்தால், இந்நேரம் மறந்திருப்பேன்.