அப்பா சொன்ன என் உத்தியோகம்

போன ஜனாதிபதியை எங்கள் வீட்டில் யாரும் குறைத்துப் பேச முடியாது. பட்டம் முடித்துவிட்டு வருடக்கணக்கில் சும்மா இருந்த எனக்கு அவருடைய காலத்தில்தான் அரசாங்க நியமனம் கிடைத்தது. முரசுமோட்டையில் வயல் செய்யும் அப்பாவுக்கு அது போதும். ஆட்சி மாறிய பிறகும் அவர் மாறவில்லை.

சித்தப்பா இப்போதைய ஜனாதிபதியின் ஆள். அப்பாவின் சித்தி மகன், வயலும் பக்கத்து வயல். அவருடைய மகளின் கணவர் உழவு இயந்திரம் புரண்டு இறந்துபோனவர். அந்த அக்காவுக்கு வந்துகொண்டிருந்த நிவாரணக் கொடுப்பனவு பழைய ஜனாதிபதியின் காலத்தில்தான் நின்றது. அந்தக் கோபம் சித்தப்பாவுக்கு ஆறவேயில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சலூனில் அப்பாவும் அவரும் சந்தித்தால் கதை அங்கேதான் போய் நிற்கும்.

அன்று நான் சலூன் கதிரையில் கழுத்தைச் சுற்றித் துணியோடு இருந்தேன். எனக்குப் பின்னால் வாங்குப் பலகையில் அப்பா, சித்தப்பா, இன்னும் சிலர். ரோடு, கரண்ட், வேலை என்று அப்பா அடுக்கிக்கொண்டு போனார். பட்டதாரிகளைப் பிடித்து அரசாங்கக் கந்தோரில் இருத்திவிட்டு, அந்தச் சம்பளத்துக்காக ஏழைகளின் கொடுப்பனவில் கைவைத்ததைத்தான் உங்கள் ஆள் செய்தவர் என்றார் சித்தப்பா. பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"உங்கட மோன் அங்க என்ன செய்யிறான் எண்டு சொல்லுங்கோ பாப்பம், அண்ணை."

"புருசனில்லாத பெண்டுகளுக்குச் சுயதொழில் கடன் ஆர் குடுக்கிறது? இவன்தான்."

கத்தரிக்கோல் நின்றது. கண்ணாடியில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "அப்பிடியே தம்பி?" என்று முடிவெட்டுபவர் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஆட்டாதேங்கோ, வெட்டிப்போடும் என்றார் அவர்.

அப்பா பொய் சொல்லவில்லை. என் நியமனக் கடிதத்தில் சுயதொழில் பிரிவு என்றுதான் இருந்தது. அந்தப் பிரிவின் வேலையை முன்பிருந்தே இரண்டு பேர் செய்துகொண்டிருந்தார்கள். எங்களைப் போலப் பிறகு வந்தவர்களுக்கு வேலையும் இல்லை, மேசையும் போதாது. காலையில் முந்தி வருபவருக்குக் கதிரை. பெரியவர்கள் யாராவது வந்தால் பதாகை கட்டுவோம், தேத்தண்ணீர் கொடுப்போம். மற்ற நாட்களில் போனைப் பார்த்துக்கொண்டிருப்போம். இதை வீட்டில் நான் சொன்னதேயில்லை. கடிதத்தில் இருந்ததை அப்பா வேலை என்று நம்பிவிட்டார்.

அடுத்த நாள் பின்னேரம் அந்த அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். சலூனில் நடந்ததைச் சித்தப்பா தன் வீட்டில் சொல்லித் திட்டியிருக்கிறார். அதைக் கேட்டுத்தான் வந்திருந்தார். தகப்பனுக்குத் தெரியாமல்.

"எனக்கு ஒரு மா அரைக்கிற மெஷின் போட விருப்பம். இஞ்ச எல்லாரும் அரைக்கப் பரந்தனுக்குத்தானே கொண்டு போகினம். நீங்கள் அந்தக் கடனை எடுத்துத் தருவீங்களோ, தம்பி?"

சின்ன வயதிலிருந்து என்னை 'நீ' என்றே கூப்பிட்டவர். அந்த 'நீங்கள்' என் முதுகில் ஊர்ந்தது. நான் வாய் திறப்பதற்குள் அப்பா உள்ளேயிருந்து வந்து, இவன் செய்வான், நீ யோசிக்காதை பிள்ளை என்றார். சித்தப்பாவின் மகளே தேடி வந்துவிட்டாள் என்ற சந்தோசம் அவர் முகத்தில் தெரிந்தது. அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. நாளைக்குக் கந்தோருக்கு வாங்கோ அக்கா என்றேன். உள்ளே இருப்பவர்களிடம் கேட்டு எப்படியாவது செய்துகொடுத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

மறுநாள் அவர் நல்ல சேலை கட்டிக்கொண்டு கிளிநொச்சியிலுள்ள எங்கள் கந்தோருக்கு வந்தார். நான் அவரைக் கடன் பகுதிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த பெண் உத்தியோகத்தர் என்னை அதிசயமாகப் பார்த்தார். அவாவை நேரே அனுப்பியிருக்கலாமே, உங்களுக்கு இதுக்குள் என்ன அலுவல் என்று கேட்டார். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார்.

"எங்கட சேருக்கு இண்டைக்குத்தான் முதல் வேலை வந்திருக்கு."

என்னைத்தான் பகிடியாக 'சேர்' என்றார். அங்கிருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. கையிலிருந்த பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். இந்த வருடத்துக்கான கடன் முடிந்துவிட்டது, புதிய அரசாங்கத்தின் ஒதுக்கீடு இன்னும் வரவில்லை, வந்தால் அறிவிப்போம் என்று அந்தப் பெண் அக்காவிடம் பொறுமையாக விளக்கினார். நான் பக்கத்தில் நின்றேன்.

பஸ் வரும்வரை இரண்டு பேரும் வீதியோரம் நின்றோம். நான்தான் தொடங்கினேன். அப்பாவுக்கு இது தெரியாது அக்கா, நானும் சொல்லவில்லை என்றேன். அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பரவாயில்லையடா. உனக்கும் ஒரு வேலை வேணும்தானே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவருடைய கொடுப்பனவு நின்றதற்கும் என் சம்பளத்துக்கும் தொடர்பு உண்டோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அன்று சித்தப்பாவின் கணக்குத்தான் சரி போலிருந்தது. பஸ்ஸில் ஏறும்போது, அப்பாட்டை ஒண்டும் சொல்லாதை, பாவம் என்றார். யாருடைய அப்பாவைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவே கேட்டார், அவளுடைய அலுவல் சரிவந்ததோ என்று. இதற்கு மேலும் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கதிரைக்கு முந்துவதையும் சொன்னேன். அவர் பிட்டைக் குழைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு வேலையும் தரமாட்டினமோ?"

"இல்லையப்பா."

"கேட்டுப் பாக்கலாமே."

"கேட்டனான். இருங்கோ எண்டுதான் சொல்லுகினம்."

அப்பா எழும்பினார். கையைக் கழுவிவிட்டு, அம்மாவிடம் நாளைக்கு வயலுக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அக்கா இப்போது பரந்தனில் ஒரு அரிசி ஆலைக்கு வேலைக்குப் போகிறார். வழியில் கண்டால் சைக்கிளை நிறுத்தி அம்மாவைச் சுகம் விசாரிப்பார். கடனைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. நானாகவே இரண்டு தடவை அந்தப் பகுதியில் விசாரித்தேன். இன்னும் வரவில்லை என்றார்கள். சலூனில் அப்பாவும் சித்தப்பாவும் பழையபடி மோதிக்கொள்கிறார்கள். அப்பா தன் ஜனாதிபதியை விட்டுக்கொடுக்கவில்லை. ரோட்டைச் சொல்கிறார், கரண்டைச் சொல்கிறார். வேலையைப் பற்றிய பேச்சு வந்தால் தண்ணீர் குடிக்க எழும்பிப் போய்விடுகிறார். சித்தப்பாவும் அதன் பிறகு என் பெயரை எடுப்பதில்லை. அக்கா ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அப்பாவும் சித்தப்பாவும் எனக்காக அடக்கி வாசிப்பதைப் பார்க்கும்போது கந்தோரில் எழுந்த அந்தச் சிரிப்பே மேல் என்று தோன்றுகிறது.

இதை நான் எழுதிக்கொண்டிருப்பதும் கந்தோர் நேரத்தில்தான். யாரும் என்ன எழுதுகிறாய் என்று கேட்கவில்லை.